127 ஒன்றுகள்: கையால் நிறுவப்பட்ட மிகப் பெரிய பகா எண்

170,141,183,460,469,231,731,687,303,715,884,105,727 என்று 39 இலக்கங்களில் விரியும் எண், 127 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி வரும் விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது. தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எந்த முழு எண்ணாலும் அது மீதியின்றி வகுபடாது, அதாவது அது ஒரு பகா எண், என்பதைப் பிரான்ஸ் நாட்டுக் கணித ஆசிரியர் எட்வார்ட் லூகாஸ் 1876ஆம் ஆண்டில் காட்டினார். அதற்குப் பின் 75 ஆண்டுகள் உலகம் அறிந்த மிகப் பெரிய பகா எண்ணாக அது விளங்கியது. கணிப்பொறியோ வேறு எந்த இயந்திரமோ துணைக்கு வராமல், மனிதக் கையும் மூளையும் மட்டுமே நிறுவிய பகா எண்களில் அதைவிடப் பெரியது இன்றுவரை இல்லை.

பெரிய பகா எண்களைப் பற்றிய செய்திகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவருவதும், அவற்றின் இலக்கங்களின் எண்ணிக்கை வியப்போடு பேசப்படுவதும் வழக்கமாகிவிட்டது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட எண்ணுக்கு 4 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உண்டு. அந்த நீளத்தோடு ஒப்பிட்டால் 39 இலக்கம் கொண்ட ஓர் எண் ஒன்றுமே இல்லை என்று தோன்றக்கூடும். ஆயினும் ஒரு பெரிய பகா எண்ணின் மதிப்பு அதன் நீளத்தில் இல்லை. அதற்கு வகுத்தி கிடையாது என்பதை, வகுத்துப் பார்க்காமலேயே எவ்வாறு ஐயமற அறிய முடிந்தது என்னும் வழியில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. அந்த வழியைத் திறந்தது 2¹²⁷−1 என்னும் இந்த எண். இன்றைய 4 கோடி இலக்க எண்ணும் அதே வழியில் வந்ததுதான்.

இரண்டின் ஓர் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துப் பெறும் எண்களை மெர்சென் எண்கள் என்பர். பத்து இலக்கங்களுக்குப் பதிலாக 0, 1 என்னும் இரண்டை மட்டும் கொண்டு எழுதும் இரும முறையில் இவற்றின் தோற்றம் மிக எளியது: 2³−1 ஆகிய 7 அங்கே 111 என்றும், 2⁵−1 ஆகிய 31 அங்கே 11111 என்றும், 2¹²⁷−1 என்பது 127 ஒன்றுகளின் நீண்ட வரிசையாகவும் எழுதப்படும். இந்த வடிவத்திலிருந்தே ஒரு பண்பு உடனே புலப்படுகிறது. ஆறு ஒன்றுகளின் வரிசையை மும்மூன்றாகப் பிரிக்கலாம் என்பதால் 111111 என்பது 111ஆல் மீதியின்றி வகுபடும், அதாவது 63 என்பது 7ஆல் வகுபடும். அதுபோலவே அடுக்கு எண் பகு எண்ணாக இருந்தால் மெர்சென் எண்ணும் பகு எண்ணாகவே இருக்கும். ஆகவே 2ⁿ−1 பகா எண்ணாக இருக்கவேண்டுமானால் n பகா எண்ணாக இருந்தாக வேண்டும். இதன் மறுதலை உண்மையன்று என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது, ஏனெனில் 11 பகா எண்ணாயினும் 2¹¹−1 ஆகிய 2047 என்பது 23ஐ 89ஆல் பெருக்கினால் வரும் பகு எண்.

இந்த எண்களின் மீதான ஈடுபாடு பழமையானது. தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகள் அனைத்தையும் கூட்டினால் தானே வரும் எண்ணை நிறைவு எண் என்று கிரேக்கர் போற்றினர். 6 என்பது 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகை, 28 என்பது 1, 2, 4, 7, 14 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. 2ⁿ−1 பகா எண்ணாக இருந்தால் அதை 2ⁿ⁻¹ஆல் பெருக்கி வருவது நிறைவு எண் என்பதை யூக்ளிட் தம் ஒன்பதாம் நூலின் இறுதியில் நிறுவினார். இரட்டைப்படை நிறைவு எண்கள் யாவும் இவ்வாறே பிறந்தாகவேண்டும் என்பதை அவருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஆய்லர் நிறுவினார். ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் கிடைக்கும்போது ஒரு நிறைவு எண்ணும் கூடவே கிடைக்கிறது. 2¹²⁷−1 தருகின்ற நிறைவு எண்ணுக்கு 77 இலக்கங்கள்.

பாரிஸில் வாழ்ந்த துறவி மாரின் மெர்சென், தெகார்த், ஃபெர்மா முதலிய அறிஞர்களோடு ஓயாது கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். ஒருவர் கண்டதை மற்றவருக்குத் தெரிவித்து, அறிவியல் இதழ்கள் பிறப்பதற்கு முன்பே அவற்றின் பணியைச் செய்தவர். அவர் 1644ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் முன்னுரையில், 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மட்டுமே பகா எண்ணைத் தரும் என்று எழுதினார். எந்த வழியில் இம்முடிவுக்கு வந்தார் என்பதை அவர் விளக்கவில்லை. பட்டியலில் ஐந்து பிழைகள் இருந்தன: 67, 257 இரண்டும் தவறாகச் சேர்ந்துவிட்டன, 61, 89, 107 மூன்றும் விடுபட்டன. அப்பிழைகள் அனைத்தும் வெளிப்பட்டு முடிய மூன்று நூற்றாண்டுகள் ஆயின. பெருமளவு ஊகமான ஒரு பட்டியலில் 127 சரியாக இடம்பெற்றது என்பது இன்றும் வியப்பைத் தருவதே.

மூன்று நூற்றாண்டுகள் ஏன் தேவைப்பட்டன என்பதை உணர, பழைய வழி எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்க்கவேண்டும். ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் அதை வகுத்துப் பார்க்கலாம். 2³¹−1 ஆகிய 2,147,483,647 என்னும் எண்ணை ஆய்லர் 1772ஆம் ஆண்டில் இவ்வாறே பகா எண் என்று நிறுவினார். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 46,340. அதற்குள் உள்ள எல்லாப் பகா எண்களையும் முயலவேண்டியதில்லை என்பதை ஆய்லர் கண்டிருந்தார்: அடுக்கு p ஒற்றைப்படைப் பகா எண்ணாயின், 2ᵖ−1 என்பதன் பகாக் காரணி எதுவும் 2pஆல் வகுக்கும்போது மீதி 1 தருவதாகவும், 8ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 தருவதாகவும் இருந்தாக வேண்டும். இந்தச் சல்லடையில் தேறியவை மிகச் சிலவே ஆதலால், அவற்றால் வகுத்துப் பார்ப்பது ஒரு மனிதரால் இயலும் வேலையாயிற்று.

இதே சல்லடையை 2¹²⁷−1க்குப் பொருத்தினால் நிலைமை தலைகீழாகிறது. அதன் வர்க்கமூலமே 20 இலக்க எண். அதற்குள் அடங்கிய பகா எண்களில் ஆய்லரின் நிபந்தனைகளுக்கு உட்பட்டவை மட்டுமே ஏறத்தாழ 12 கோடி கோடி இருக்கும். நொடிக்கு ஒரு வகுத்தல் என்று இடைவிடாது செய்தாலும் முடிக்க 3 கோடியே 80 லட்சம் ஆண்டுகள் போல ஆகும். 1811ஆம் ஆண்டில் ஆங்கிலக் கணித அறிஞர் பீட்டர் பார்லோ, ஆய்லரின் எண்ணிலிருந்து கிடைத்த நிறைவு எண்ணே மனிதர் என்றென்றும் காணக்கூடிய மிகப் பெரியது என்ற கருத்தில் எழுதினார். பயனற்ற இத்தகைய எண்களுக்காக இவ்வளவு பாடுபட யாரும் முன்வரமாட்டார் என்பது அவர் எண்ணம். வகுத்துப் பார்ப்பது ஒன்றே வழி என்று கொண்டால், அவர் எண்ணியதில் பெருந்தவறும் இல்லை.

லூகாஸின் வழி

லூகாஸ் 1842ஆம் ஆண்டில் ஆமியேன் நகரில் பிறந்தவர். பாரிஸ் வானாய்வு நிலையத்தில் பணியாற்றி, 1870இல் மூண்ட பிரான்ஸ்–பிரஷ்யப் போரில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்து, போர் முடிந்தபின் பள்ளி ஆசிரியரானவர். கணித விளையாட்டுகள் பற்றி அவர் எழுதிய தொகுதிகள் புகழ்பெற்றவை. மூன்று தூண்களுக்கிடையே வட்டுகளை இடம் மாற்றும் 'ஹனோய் கோபுரம்' என்னும் விளையாட்டை 1883இல் உலகுக்குத் தந்தவரும் அவரே. அந்த விளையாட்டில் n வட்டுகளை முழுவதும் இடம் மாற்றக் குறைந்தது 2ⁿ−1 நகர்வுகள் தேவை. 127 வட்டுகள் கொண்ட கோபுரத்தை எவரேனும் செய்தால், அதை மாற்றி முடிக்கத் தேவைப்படும் நகர்வுகளின் எண்ணிக்கை அவர் நிறுவிய அதே பகா எண். விளையாட்டையும் ஆய்வையும் அவர் வேறு வேறாகப் பிரிக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அவர் கண்ட சோதனை வியக்கத்தக்க அளவு எளியது. 3 என்ற எண்ணில் தொடங்கவேண்டும். அதை வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்தால் 7. 7ஐ வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்தால் 47. அவ்வாறே அடுத்தது 2207. எண்கள் மிக விரைவாகப் பெருகிவிடும் என்பதால், சோதிக்கப்படும் மெர்சென் எண்ணால் ஒவ்வொரு படியிலும் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். கடிகாரத்தில் 12ஐத் தாண்டிய மணி மீண்டும் 1லிருந்து தொடங்குவதைப் போல, இங்கே எண்கள் ஒரு வரம்புக்குள் சுற்றிவரும். இம்முறைக்கு மட்டு எண்கணிதம் என்று பெயர். அடுக்கு p என்பது 4ஆல் வகுத்தால் 3 மீதி தரும் பகா எண்ணாக இருக்கும்போது, வரிசையின் (p−1)ஆம் உறுப்பு பூஜ்யமானால் 2ᵖ−1 பகா எண். பூஜ்யம் ஆகாவிட்டால் பகு எண்.

அடுக்கு 7 என்று கொண்டால் சோதிக்கப்படும் எண் 127. வரிசை 3, 7, 47 என்று தொடங்குகிறது. அடுத்த 2207ஐ 127ஆல் வகுத்தால் மீதி 48. 48ஐ வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்தால் 2302, அதன் மீதி 16. 16ஐ வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்தால் 254, அது 127இன் சரியாக இருமடங்கு, ஆகவே மீதி பூஜ்யம். ஆறாம் உறுப்பு பூஜ்யமாகிவிட்டதால் 127 பகா எண் என்பது உறுதியாகிறது. அடுக்கு 11 என்று கொண்டால் நிகழ்வது வேறு: 2047ஆல் வகுத்த மீதிகள் 3, 7, 47, 160, 1034, 620, 1609, 1471 என்று சென்று, ஒன்பதாம் இடத்தில் மறுபடியும் 160க்கே திரும்பிவிடுகின்றன. வரிசை ஒரு சுழலுக்குள் சிக்கிக்கொண்டதால் பூஜ்யம் என்றைக்கும் வராது. 2047 பகு எண் என்று தெரிந்துவிடுகிறது; 23 என்றோ 89 என்றோ எந்தக் காரணியும் இக்கணக்கில் தலைகாட்டவே இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

பூஜ்யம் வந்தால் பகா எண் என்பது ஏன்? இன்றைய கணித மொழியில் இதற்குச் சொல்லப்படும் காரணம் அழகு மிக்கது. பொறுமையோடு தொடர்ந்தால் பள்ளிக் கணிதம் அறிந்த எவருக்கும் அது பிடிபடும். லூகாஸின் வரிசைக்குப் பின்னால் (3+√5)/2 என்னும் எண் மறைந்து நிற்கிறது. சிற்பமும் கட்டடக் கலையும் பேசும் இடங்களில் அடிக்கடி குறிப்பிடப்படும் பொன் விகிதத்தின் வர்க்கம் அது. அதையும் அதன் இணையான (3−√5)/2ஐயும் கூட்டினால் 3, பெருக்கினால் 1. பெருக்குத்தொகை 1 ஆதலால், இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் முந்தைய கூட்டுத்தொகையின் வர்க்கத்தில் 2 குறைந்த எண் வரும். அதுவே 7, பின்னர் 47, பின்னர் 2207. வர்க்கப்படுத்தி 2ஐக் கழிக்கும் விதி வந்த வழி இதுவே. 3, 7, 47, 2207 ஆகியவை ஃபிபனாச்சி எண்களுக்கு நெருங்கிய உறவான, இன்று லூகாஸின் பெயராலேயே வழங்கும் எண்வரிசையின் உறுப்புகளாக இருப்பதும் இதனால்தான்.

இனி 2¹²⁷−1ஐ N என்று குறிப்போம். வரிசையின் 126ஆம் உறுப்பு N மட்டில், அதாவது Nஆல் வகுத்த மீதியாக, பூஜ்யமானால், மறைந்து நிற்கும் அந்த எண்ணை 2¹²⁶ முறை பெருக்கும்போது −1 கிடைக்கும் என்பதையும், 2¹²⁷ முறை பெருக்கும்போது 1 கிடைக்கும் என்பதையும் எளிதில் பெறலாம். அதற்கு முன்னரே எங்கேனும் 1 வந்திருக்க முடியுமா? முதன்முறை 1 வரும் படியின் எண் 2¹²⁷இன் வகுத்தியாக இருந்தாகவேண்டும். 2¹²⁷இன் வகுத்திகள் யாவும் இரண்டின் அடுக்குகள். அவற்றில் எதிலேனும் முன்னதாக 1 வந்திருந்தால் 2¹²⁶ஆம் படியிலும் 1 வந்திருக்கும். ஆனால் அங்கே வந்தது −1. ஆகவே 1ஐ அடையச் சரியாக 2¹²⁷ படிகள் தேவை, அதுவரை ஒவ்வொரு படியிலும் வெவ்வேறு எண்தான் வரும்.

இப்போது N பகு எண் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அதன் மிகச் சிறிய பகாக் காரணி q என்பதன் வர்க்கம் Nஐ மிஞ்சாது. மேற்கண்ட கணக்கை q மட்டில் பார்த்தாலும் அதே முடிவுகள் நிற்கும். ஆனால் qஆல் வகுத்த மீதிகளோடு √5ஐயும் சேர்த்துக்கொண்ட எண்ணுலகில், பூஜ்யம் நீங்கலாக இருப்பவை q²−1 எண்கள் மட்டுமே. அது 2¹²⁷−2ஐ மிஞ்சாது. வெவ்வேறான 2¹²⁷ எண்கள் அதைவிடக் குறைந்த இடத்தில் அடங்க முடியாது. எனவே அத்தகைய q இருக்கவே இயலாது, N பகா எண். 12 கோடி கோடி வகுத்தல்களின் இடத்தை இந்தச் சில வரி வாதமும் 125 வர்க்கங்களும் பிடித்துக்கொண்டுவிட்டன. எண் கோட்பாட்டில் இவ்வளவு சிறிய முயற்சிக்கு இவ்வளவு பெரிய பலன் தரும் இடங்கள் மிகக் குறைவு.

125 வர்க்கங்கள் என்று எழுதுவது எளிது, 39 இலக்க எண்களைக் கையால் வர்க்கப்படுத்தி, 39 இலக்க எண்ணால் வகுத்து மீதி காண்பது எளிதன்று. மெர்சென் எண்களின் வடிவமே இங்கே மீண்டும் துணைக்கு வருகிறது. 2¹²⁷−1 மட்டில் 2¹²⁷ என்பதும் 1 என்பதும் ஒன்றே ஆதலால், இரும முறையில் 127ஆம் கட்டத்தைத் தாண்டும் எதையும் முதல் கட்டத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடலாம். தனியாக வகுத்தல் என்ற வேலையே இல்லை. லூகாஸ் இதற்காக நீளத்திலும் அகலத்திலும் 127 கட்டங்கள் கொண்ட சதுரங்கப் பலகை போன்ற ஓர் அமைப்பை விவரித்தார். வர்க்கப்படுத்த வேண்டிய எண்ணை முதல் வரிசையில் காய்களாக வைத்து, அதில் ஒன்று இருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் அதே அமைப்பைத் தக்க கட்டங்கள் நகர்த்தி அடுத்த வரிசையில் வைத்து, பலகையின் ஓரத்தைவிட்டு வெளியேறும் காய்களை மறுமுனையில் நுழைத்து, இறுதியில் ஒரே நிரலில் சேர்ந்த இரு காய்களுக்குப் பதிலாக அடுத்த நிரலில் ஒரு காய் வைத்துக் கூட்டலை முடிக்கவேண்டும். எண்களின் இடத்தில் காய்களின் நகர்வு மட்டுமே மிஞ்சுகிறது. இவ்வழியில் ஒரு வர்க்கத்துக்குச் சராசரியாக 64 வரிசைகள் என்று கொண்டால், முழுச் சோதனைக்கும் 8000 வரிசைகள் போல அடுக்கவேண்டியிருக்கும். இரும முறையும், கட்டம் நகர்த்தலும், சுற்றி வந்து சேர்தலும் பிற்காலக் கணிப்பொறிகளின் உள்ளுறுப்புகள் செய்யும் வேலைகளே என்பதை நோக்கினால், இயந்திரம் இல்லாத காலத்தில் இயந்திரத்துக்கான வேலைத்திட்டத்தை லூகாஸ் எழுதிவிட்டார் என்றே சொல்லவேண்டும்.

இதே முறையால் அவர் 1876இல் மற்றொரு முடிவையும் கண்டார்: மெர்சென் பட்டியலில் இருந்த 2⁶⁷−1 பகா எண் அன்று. அதன் காரணிகள் எவை என்பது அவருக்குத் தெரியாது. அமெரிக்கக் கணித அறிஞர் ஃபிராங்க் நெல்சன் கோல் 1903ஆம் ஆண்டில்தான் அவை 193,707,721, 761,838,257,287 என்று கண்டறிந்தார். நியூயார்க்கில் நடந்த கணிதக் கழகக் கூட்டத்தில் அவர் ஒரு சொல்லும் பேசாமல், கரும்பலகையில் 2⁶⁷−1ஐ ஒரு பக்கமும் அவ்விரு எண்களின் பெருக்கலை மறுபக்கமும் செய்துகாட்டி, இரண்டும் ஒன்றென நிறுத்திவிட்டு அமர்ந்தார் என்பது கணித உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. காரணி உண்டு என்று அறிவது வேறு, காரணியைக் கையில் எடுப்பது வேறு. இரண்டுக்கும் இடையே 27 ஆண்டுகள் இருந்தன. இந்த இடைவெளி இன்றைக்கும் மூடப்படவில்லை, இணையப் பாதுகாப்பின் பெரும்பகுதி அதன் மீதுதான் நிற்கிறது.

லூகாஸின் நிறுவல்களில் இடைவெளிகள் இருந்தன என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. அவர் வேகமாக எழுதியவர்; தேற்றங்களை அறிவிக்கும் ஆர்வத்தில் நிபந்தனைகளைச் சில இடங்களில் விட்டுவிட்டவர். 1891இல், 49 வயதிலேயே, விருந்தொன்றில் உடைந்த தட்டின் சில்லு கன்னத்தில் பட்டு, அந்தக் காயத்தால் உண்டான தொற்றில் அவர் மறைந்தார். அவருடைய கோட்பாட்டை முழுமையாகச் செப்பனிட்டு, எல்லா ஒற்றைப்படைப் பகா அடுக்குகளுக்கும் பொருந்துமாறு 4இல் தொடங்கும் சோதனையாக 1930ஆம் ஆண்டில் அமைத்தவர் அமெரிக்கரான டெரிக் ஹென்றி லேமர். அன்றுமுதல் அது லூகாஸ்–லேமர் சோதனை என்று வழங்குகிறது.

இயந்திரங்கள் வந்தபின்

1951ஆம் ஆண்டு 2¹²⁷−1இன் முதலிடம் முடிவுக்கு வந்தது. பிரான்ஸைச் சேர்ந்த ஃபெரியே மேசைமேல் வைத்து இயக்கும் கணக்கு இயந்திரத்தைக் கொண்டு 44 இலக்கங்களில் ஒரு பகா எண்ணைக் கண்டார். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் மில்லர், வீலர் இருவரும் எட்சாக் என்னும் கணிப்பொறியைக் கொண்டு 79 இலக்க எண் ஒன்றைக் கண்டனர். அந்த எண் 180×(2¹²⁷−1)²+1 என்பதாகும். ஓர் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து வருவதன் பகாக் காரணிகள் தெரிந்திருந்தால் அந்த எண் பகா எண்ணா என்று சோதிப்பது எளிது என்பதால், பெரிய பகா எண் ஒன்றை உள்ளே வைத்து அவர்கள் புதிய எண்ணைக் கட்டினர். உள்ளே வைக்க அவர்களுக்குக் கிடைத்தது லூகாஸின் எண். தன்னை முந்திய எண்ணுக்கே அடித்தளமாக அமையும் பேறு வேறெந்தப் பகா எண்ணுக்கும் எளிதில் வாய்ப்பதன்று.

1952 ஜனவரி 30ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஸ்வாக் கணிப்பொறியில், ரஃபேல் ராபின்சன் எழுதிய நிரல் 2⁵²¹−1, 2⁶⁰⁷−1 ஆகிய இரண்டையும் ஒரே நாளில் பகா எண்கள் என்று காட்டியது. பின்னர் வந்த சாதனைகளை வரிசையாகச் சொல்வதில் பெரும் பயன் இல்லை. 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய, தன்னார்வலர்களின் கணினிகளை இணைத்துத் தேடும் திட்டமே அந்த ஆண்டின் நவம்பர் முதல் புதிய மெர்சென் பகா எண்கள் எல்லாவற்றையும் கண்டுவந்திருக்கிறது. 2024 அக்டோபரில் அமெரிக்காவின் சான் ஹோசேயைச் சேர்ந்த லூக் டூரான்ட், 17 நாடுகளில் பரவிய தரவு மையங்களில் வரைகலைச் செயலிகளை வாடகைக்கு அமர்த்தி 2¹³⁶²⁷⁹⁸⁴¹−1ஐக் கண்டார். அதன் இலக்கங்கள் 41,024,320. பகா எண்ணாக இருக்கும் வாய்ப்பு மிகுதி என்று முதலில் வேறொரு சோதனை சுட்டியபின், ஐயத்துக்கு இடமின்றி அதை உறுதிசெய்தது லூகாஸ்–லேமர் சோதனையே. 125 வர்க்கங்களின் இடத்தில் 13 கோடிக்கும் மேற்பட்ட வர்க்கங்கள் வந்தன என்பதே வேறுபாடு.

எந்த எண்ணையும், அதன் வடிவம் எதுவாயினும், நியாயமான காலத்தில் ஐயமறச் சோதிக்க வழி உண்டா என்ற கேள்விக்கு 2002ஆம் ஆண்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் உண்டு என்று விடை தந்தனர். கோட்பாட்டளவில் அது லூகாஸின் கண்டுபிடிப்பைவிட ஆழமானது. ஆனால் நடைமுறையில், மெர்சென் எண்களுக்கு லூகாஸின் வழியை மிஞ்சிய விரைவு வேறெதற்கும் இல்லை. மிகப் பெரிய பகா எண்களின் பட்டியலில் முதலிடம் பெரும்பாலும் மெர்சென் எண்களுக்கே போவதன் காரணம் இதுதான். 2¹²⁷ஐ ஒட்டிய அளவில் சராசரியாக 88 எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும் என்பது பகா எண் தேற்றம் தரும் கணக்கு. அந்த அளவில் பகா எண்களுக்குப் பஞ்சமே இல்லை. 1876இல் கையால் நிறுவக்கூடியதாக அமைந்தது இந்த ஒன்று.

பார்லோ பயனற்றவை என்று கருதிய எண்கள் இன்று பயன்பாட்டில் நிறைந்திருக்கின்றன. ஆய்லரின் 2,147,483,647 என்பது 32 இரும இடங்களில் குறியோடு சேமிக்கக்கூடிய மிகப் பெரிய முழு எண். 2014 டிசம்பரில் யூடியூபில் கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' காணொளியின் பார்வைகளின் எண்ணிக்கை அந்த வரம்பைத் தாண்டியபோது, எண்ணிக்கைக்கான இடத்தை அந்நிறுவனம் விரிவாக்க நேர்ந்தது. அதே வகையில் 128 இரும இடங்களுக்கான வரம்பு 2¹²⁷−1. வகுத்தலே இல்லாமல் மீதி காணலாம் என்ற அதே பண்பினால் இது மறையாக்கத்துக்கும் ஏற்றதாகிறது. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தினர் 2015இல் வடிவமைத்த 'ஃபோர்கியூ' என்னும் நீள்வட்ட வளைவு முறையின் கணக்குகள் இந்தப் பகா எண்ணின் மட்டில் நடைபெறுகின்றன. இரு பெரிய பகா எண்களின் பெருக்கத்தை வெளியில் காட்டி, அவற்றை ரகசியமாக வைக்கும் ஆர்.எஸ்.ஏ. முறைக்கு மட்டும் மெர்சென் பகா எண்கள் உதவா. அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

விடை தெரியாத ஒரு கேள்வியும் இந்த எண்ணோடு பிணைந்திருக்கிறது. லூகாஸ் தம் முடிவை வெளியிட்டதும் பெல்ஜியக் கணித அறிஞர் யூஜேன் கத்தலான் ஒன்றைக் கவனித்தார். 2ஐ அடுக்காகக் கொண்டால் 3. 3ஐ அடுக்காகக் கொண்டால் 7. 7ஐ அடுக்காகக் கொண்டால் 127. 127ஐ அடுக்காகக் கொண்டால் லூகாஸின் எண். இந்த வரிசையில் இதுவரை வந்தவை அனைத்தும் பகா எண்கள். அடுத்தது, லூகாஸின் எண்ணையே அடுக்காகக் கொண்டது. அதன் இலக்கங்களின் எண்ணிக்கையே 38 இலக்க எண்ணாக இருக்கும். அதை எழுதிவைக்க உலகில் உள்ள கணினிகளின் நினைவகம் அனைத்தும் சேர்ந்தாலும் போதாது. லூகாஸின் சோதனையை அதற்குப் பொருத்தினால் வேண்டிய வர்க்கங்களின் எண்ணிக்கை லூகாஸின் எண்ணைவிட இரண்டுதான் குறைவு. எனவே அது பகா எண்தான் என்று நிறுவ இன்று எந்த வழியும் இல்லை. அதன் காரணி ஒன்று தற்செயலாக அகப்பட்டால் மட்டுமே, பகா எண் அன்று என்ற விடை கிடைக்கும். இதுவரை எந்தக் காரணியும் அகப்படவில்லை.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலில் மட்டு எண்கணிதம் இருக்கிறது. லூகாஸின் சோதனைக்கு அதைவிட மிகுதியாக எதுவும் தேவையில்லை. ஆசிரியர்கள் 7ஐ அடுக்காகக் கொண்ட கணக்கைக் கரும்பலகையில் செய்துகாட்டி, 11ஐ அடுக்காகக் கொண்ட கணக்கை மாணவர்களிடமே விட்டுவிடலாம். ஒரு நாள் பொழுதும் ஒரு தாளும் உள்ளவர்கள் 19ஐ எடுத்துக்கொள்ளட்டும்: 3இல் தொடங்கி, 524,287ஆல் வகுத்த மீதிகளைக் கொண்டு 17 முறை வர்க்கப்படுத்திச் சென்றால், கணக்கில் பிழை இல்லையெனில், முடிவில் பூஜ்யம் வரும்.